பண்டாரமும் ஒரு தகப்பன்

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) நாவலில் போத்திவேலு பண்டாரம், உடல் குறையுள்ளவர்களைப் பிச்சைக்கு உட்கார வைத்துப் பிழைப்பவர். அவர்களை வாங்குவார், விற்பார், ‘உருப்படி’ என்பார். அதே மனிதர் சாமிக்குப் பயந்தவர், பெண்மக்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மகள் முகம் வாடினால் துடித்துப்போகிறார். உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பெற்ற பிள்ளையை வியாபாரமாக்கும்போது அந்தத் துடிப்பு எங்கே போனது?

இதைக் கேட்கத்தான் எழுத்தாளர் இருட்டுக்குள் இறங்குகிறார். பண்டாரத்தைக் கொடூரனாக மட்டும் காட்டியிருந்தால் காறித் துப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். பாசமுள்ள அப்பாவாக எழுதியதால் நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மனசைக் கெடுக்கும் கதை என்று ஒதுக்காதீர்கள். இந்த நாவலை ஓரளவு தழுவிய ‘நான் கடவுள்’ படம் பார்த்தவர்களும் நாவலை அவசியம் வாசியுங்கள்.