ஔவையார் எத்தனை பேர்?

ஆத்திசூடி பாடிய ஔவையார்தாமா அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றார்? நம் வீட்டுப் பிள்ளை இவ்வாறு வினவினால், "ஆம்" என்றே நம்மிற் பலர் விடை பகர்வோம். 1953-இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவர்களின் வெண்கலக் குரலோடு நாம் கண்ட மூதாட்டி ஒருவரே அன்றோ!

ஐயம் எழுந்தால் நூலகத்தில் நாம் முதலில் நாடுவது, 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அபிதான சிந்தாமணி. ஆ. சிங்காரவேலு முதலியார் என்னும் தனியொருவரின் உழைப்பில் எழுந்த பெருநூல் அது. புராணமும் புலவர் வரலாறும் அதில் அகரவரிசையில் தோளோடு தோள் உரசி நிற்கும். அதுவே அதன் அழகு, இடரும் அதுவே. கதை கேட்க அதனினும் சிறந்த துணையில்லை. காலம் கணிக்க அது போதாது.

வள்ளுவர், கபிலர், ஔவை, அதியமான் ஆகியோர் உடன்பிறந்தார் என்றொரு கதை உண்டு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டினால் இக்கதை நில்லாது. அங்கே அதியமான் அவரைப் புரக்கும் வள்ளல். ஔவையோ அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற புலவர். உடன்பிறந்தாள் பேச்சு அப்பாடல்களில் இல்லை. நீதிநூல் ஔவையார் பல நூற்றாண்டு பிற்பட்டவர் என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு.

என்னைக் கேட்டால், இவ்வழக்கிற்கு உற்ற சான்று 1940-இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியமே. தொகைநூல் முறையை விடுத்துப் புலவர் வாரியாகப் பாடல்களை நிரல்படுத்திய பதிப்பு அது. (அவர் தொகுத்து வைத்திருந்த நூல்களும் சுவடிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் உள்ளன. வடபுலத் தமிழர்க்கு அது எட்டாத தொலைவன்று!) வேறுவேறு தொகைகளிற் சிதறிக் கிடந்த ஔவையின் 59 பாடல்கள் அதில் ஒருசேரக் கிட்டுகின்றன. புறநானூற்றில் 33, எஞ்சிய 26-உம் அகப்பாடல்கள்.

கலைக்களஞ்சியம் எதுவும் காட்டாத முகத்தை இவ்வெண்ணிக்கை காட்டிவிடுகிறது. காதல் நோயைத் தலைவியின் வாயிலாக உரைக்கிறார், போர்க்களத்தைப் பாடுகிறார், அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்த நாளை அவன் மாய்ந்தபின் நினைந்து அரற்றுகிறார். கையிற் கோலும் நெற்றியில் நீறுமாக நாமறிந்த பாட்டி அவற்றுள் எங்கும் தென்படவில்லை.