உள்ளே போக ஒரு விரல், வெளியே வர?

மொபைல் கேம் ஜெயிக்க கிராபிக்ஸ் முக்கியமா, இடைமுகம் முக்கியமா? மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாகவே உண்டு. கோவில்பட்டி பக்கம் கரிசல் கிராமங்களில் பையன்கள் ஆடுவதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பப்ஜி மொபைலில் ஒரு ஆட்டத்துக்கு 100 பேர். கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் ஆகும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிஷம் சொச்சம். விலை குறைந்த ஃபோனிலும் ஓடும். குறியைக்கூட எதிராளி பக்கம் அதுவே இழுத்துக் கொடுக்கும். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு அம்மா வந்தபிறகு கால் மணி நேரம் மட்டும் ஃபோன் கைக்கு வருகிற பையன் எதை எடுப்பான்? படம் அழகாக இருப்பதெல்லாம் அப்புறம்தாங்க.

லூடோ கிங் இன்னும் ஒரு படி மேலே. 2016-இல் வந்த இந்திய கேம். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பரவியது. பகடையைத் தொடு, காயைத் தொடு, அவ்வளவுதான். நெட் இல்லாவிட்டாலும் ஒரே ஃபோனைக் கைமாற்றி ஆடலாம். தாயம் ஆடின ஆச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாதி இடைமுகம் அவங்க மனசிலேயே இருக்கு.

என் குறை வேறு இடத்தில். ஆட்டத்துக்குள் இவ்வளவு எளிமை காட்டும் ஃப்ரீ ஃபயர் மாதிரி கேம்களின் முகப்புத் திரையைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள், சலுகைப் பெட்டிகள், தினம் வந்தால்தான் கிடைக்கும் பரிசு. கடையில் விலை ரூபாயில் இல்லை, டயமண்டில். எவ்வளவு செலவானது என்று பையனுக்கு உறைக்காது. இதை மோசமான வடிவமைப்பு என்று சொல்லமாட்டேன். நல்ல வடிவமைப்புதான், ஆனால் ஆடுகிறவனுக்காகச் செய்தது இல்லை.

வந்த வேலையை எவ்வளவு சுலபமாக முடிக்க முடிகிறது என்றுதான் நாங்கள் இடைமுகத்தை அளக்கிறோம். எவ்வளவு சுலபமாக நிறுத்த முடிகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை என்று தமிழ்நாடு 2025-இல் விதி போட்டது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்த விதி இவற்றைத் தொடாது. இங்கே நிறுத்தும் வேலையை இடைமுகம்தான் செய்யணும், செய்வதில்லை.

தாயத்தில் அந்தத் தொல்லை கிடையாது. இருட்டினால் கட்டம் தெரியாது, எழுந்து போயிடுவோம்.