முதலில் காணத்தக்க படம்

தன்பால் ஈர்ப்பைத் தன்னுள் உணர்ந்து, எவரிடமும் சொல்ல இயலாமல் மயங்கும் இளைஞனுக்கு எப்படத்தைப் பரிந்துரைப்பது?

பலரும் ஹன்சல் மேத்தாவின் ‘அலிகர்’ (2015) என்னும் இந்திப் படத்தையே கூறுவர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் சிராஸின் இல்லத்துள், 2010இல், சிலர் படக்கருவியுடன் அத்துமீறிப் புகுந்தனர். பணியிடைநீக்கம் செய்யப்பட்டவரோ அவர்தாம். தனியறையில் மதுக்கிண்ணமேந்தி, லதா மங்கேஷ்கரின் பாடலில் மனோஜ் பாஜ்பாய் கரையும் காட்சி, பக்கம் பக்கமான வசனத்தினும் மேலானது. உயர்ந்த படைப்பே. எனினும், நீதிமன்றம் துணைநின்றும் நாயகர் பிழைக்கவில்லை. நொந்த நெஞ்சுக்கு மரணத்தை முதற்பாடமாக வைத்தல் தகாது.

ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘காதல்: தி கோர்’ (2023) முதலில் காணத்தக்கது என்பதே என் துணிபு. நெடுநாள் இல்லறத்துக்குப் பின் மணவிலக்குக் கோருகிறாள் ஓமனா. ஜோதிகாவின் நடிப்பில் வன்மம் சிறிதுமில்லை. அவள் வேண்டுவது கணவன் மேத்யூவின் விடுதலையையும்தான். மம்மூட்டியின் மௌனத்தில் அச்சமே உருவெடுத்து நிற்கிறது. மகனின் இயல்பறிந்தும் மணமுடித்துவைத்த தந்தை, ஈற்றில் மருமகள் பக்கம் நிற்கிறார். ‘கலியாணம் செய்தால் சரியாகிவிடும்’ என்னும் நம் வீட்டு மருந்து, இரண்டு வாழ்வுகளை வாட்டுவதை இப்படம் கூச்சலின்றிக் காட்டுகிறது.

இவ்வுறவு குற்றமன்று என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அஞ்சும் பிள்ளை முதலில் நோக்குவது பெற்றோர் முகத்தையே. ஆதலின் பெற்றோரும் உடனமர்ந்து இப்படத்தைக் காண்க.