கையில் இருக்கும் தொழிலுக்கு ஒரு காகிதம்

சீனக்குடாவில் பிறிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள். விரிகுடாவின் மறுபக்கம் கிண்ணியாவிலும் மூதூரிலும் வள்ளம் கட்டும், இஞ்சின் திருத்தும் இடங்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிப் பிழைப்பவர்களில் நிறையப் பேர் தொழிலை வகுப்பறையில் படிக்கவில்லை. மாமனுக்குக் கையாளாக நின்று பழகிய வெல்டர், தகப்பனிடம் உளி பிடித்த ஓடாவி, சாரத்தில் ஏறி ஏறியே மேசனானவர் என்று இந்தப் பட்டியல் நீளும். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தோர் கல்விக்கென்று வேலை செய்யும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு முதல் வேலை எது? புதிதாகக் கற்பிப்பதா, ஏற்கெனவே கற்றதற்குச் சாட்சியம் எழுதிக் கொடுப்பதா? இரண்டாவதுதான் என்பது என் வாதம். அதற்கான சட்டகம் இலங்கையில் நன்றாகவே இருக்கிறது. ஆனால், அதைத் தூக்கிக்கொண்டு தொழிலாளி நிற்கும் இடத்துக்கு நடக்கும் கால், ஒரு காலத்தில் இந்தியாவிடம்தான் இருந்தது.

மனிதவளம் என்ற சொல் இரு நாடுகளிலும் வேறு வேறு வாசலால் உள்ளே வந்தது. இந்தியாவில் அது முதலில் கம்பெனிச் சொல். 1975இல் உதய் பரீக்கும் டி.வி. ராவும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு வகுத்துக் கொடுத்த அமைப்பிலிருந்து அது பரவியது. பின்பு 1985இல் கல்வி அமைச்சுக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். 2020இல் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். இலங்கையில் அது பிரதேச செயலகத்து மேசைச் சொல். காணிப் பத்திரத்துக்கும் பிறப்புச் சான்றுக்கும் ஆட்கள் நிற்கும் அதே கட்டடத்தில்தான் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவை உருவாக்கியது. அதன் கீழ் வளர்ந்த என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள்: முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. வகுப்புக்கே போகாத ஒருவர், செய்த வேலையின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டித் தகைமை பெறலாம்.

நல்ல மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு வெல்டரையே எடுத்துக்கொள்வோம். ராடைத் தகட்டுக்கு எவ்வளவு கிட்டப் பிடிப்பது என்பதை அவர் அளந்து பார்ப்பதில்லை; காதால் கேட்கிறார். தூரம் சரியென்றால் பப்படம் பொரிகிற சத்தம் இடைவிடாமல் வரும். தூரம் கூடினால் சத்தம் சிதறும், பொறி தெறிக்கும். ஒட்டியபின் கசடைத் தட்டி எடுத்து, ஓரத்தில் தகடு அரித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். இந்த அறிவில் ஒரு வரிகூட அவருடைய சாதாரண தரப் பெறுபேற்றில் இருக்காது. அவர் அந்தப் பரீட்சை எழுதாதவராகவும் இருக்கலாம். என்.வி.கியூ. முறையின் சிறப்பு, இதை அலகு அலகாகப் பிரித்துப் பார்ப்பதுதான். ஓர் அலகில் தேறாவிட்டால் 'தோல்வி' என்று எழுதுவதில்லை, 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்றுதான் எழுதுகிறார்கள். குறைந்ததை மட்டும் படித்துவிட்டு வரலாம். ஐம்பது வயதுக்காரரை மறுபடி முதல் வாங்கிலிருந்து தொடங்கச் சொல்லாத ஏற்பாடு இது. குறை என்னவென்றால், படம் சேர்ப்பது, கடிதம் வாங்குவது, படிவம் நிரப்புவது எல்லாம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. காகிதத்துக்குப் பயந்தவரிடமே காகிதம் கேட்டால் அவர் வரமாட்டார்.

இந்தியாவின் பழைய அனுபவம் இங்கேதான் பயன்படும். 1958இல் தொடங்கிய மத்திய தொழிலாளர் கல்வி வாரியம், தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தெரிந்து பயிற்சி கொடுத்து, 'தொழிலாளர் ஆசிரியர்' என்று அவரவர் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பியது. 1967இல் பம்பாயில் தொடங்கிய சிரமிக் வித்யாபீடம், எழுத்தையும் தொழிலையும் ஒரே வகுப்பில் சேர்த்தது; 2000இல் அதற்கு ஜன் சிக்ஷண் சன்ஸ்தான், தமிழில் மக்கள் கல்வி நிறுவனம், என்று பெயர் மாறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களிடம் போனது. அங்கே அரிச்சுவடியோடு சைக்கிளும் பாடமாயிற்று. 2015இல் பிரதமரின் திறன் வளர்ப்புத் திட்டத்தோடு வந்த ஆர்.பி.எல்.லும் முகாம் போட்டும் வேலைத்தளத்துக்கே போயும் நடந்தது. ஆனால் அதற்குள் எண்ணிக்கை மோகம் புகுந்துவிட்டது. பன்னிரண்டு மணித்தியால அறிமுக வகுப்பு, ஒரு மதிப்பீடு, தேறியவருக்கு 500 ரூபாய், அடுத்த குழு! தரநிலையை எழுதுவது, மதிப்பிடுவது, சான்று கொடுப்பது மூன்றும் ஒரே துறைத் திறன் மன்றத்தின் கையில் இருப்பதிலுள்ள நலன் முரண்பாட்டை, 2016இல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு வெளிப்படையாகவே கண்டித்தது.

அப்படியானால் பயிற்சியில்லாச் சான்றிதழே மலிவுச் சரக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையிலும் பயிற்சி கொடுக்கும் அதிகாரசபையே மதிப்பீட்டையும் நடத்துவது உண்டு என்பதால், நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள இடமில்லை. ஆனால் இந்தியாவில் சான்றிதழ் மலிந்ததற்குக் காரணம் வேலைத்தளத்துக்குப் போனது அல்ல. போனவர்கள் அவசரப்பட்டதும், தலைக்கணக்குக்குப் பணம் பெற்றதும்தான். பெரிய ஆலைகள் தங்கள் ஆட்களைத் தாங்களே பழக்கிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆலையின் மதிலுக்கு வெளியே நாட்கூலிக்கு நிற்பவரை யார் பழக்குவது?

காகிதம் கிடைத்ததும் ஆள் கட்டாருக்குப் போய்விடுவான் என்பது அடுத்த முறைப்பாடு. காகிதம் இல்லாமலும் போகத்தான் போகிறான்; போன இடத்தில் கையாள் சம்பளத்துக்கு நிற்பான், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மாவட்டத்துக்கென்றே இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1990இலும் 2006இலும் இங்கிருந்து இடம்பெயர்ந்து கடல்வழியாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களில் பலர் அங்கே பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் பழகினார்கள். போர் முடிந்தபின் திரும்பியவர்களின் கையில் தொழில் இருந்தது, சான்று இல்லை. இந்தியத் திட்டம் இந்தியக் குடிமக்களுக்கானது. இலங்கையில் அவர்களுக்குக் கடிதம் கொடுக்கப் பழைய முதலாளி இல்லை. அவர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறார். செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர இவர்களுக்கு வேறு வழியே கிடையாது.

ஆகவே உத்தியோகத்தர் மேசையை விட்டு எழும்பவேண்டும். வாரத்தில் ஒரு நாள் வள்ளத்துறையில் இருந்து, கேட்டு, படம் பிடித்து, படிவத்தைத் தானே நிரப்பலாம். தொழிலாளர் ஆசிரியர் முறையைப் போல, ஏற்கெனவே தகைமை பெற்ற ஒரு மேசனையோ ஓடாவியையோ கூட அழைத்துப் போகலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எவரும் தனிப் பெரும்பான்மை இல்லாத இந்த மாவட்டத்தில், நியமத்தில் அச்சிட்ட கருவிப் பெயர் ஒன்று, தளத்தில் புழங்கும் பெயர் வேறொன்று. அந்த இடைவெளியை நிரப்ப, கூடப் போகும் அந்தத் தொழிலாளியால்தான் முடியும். மதிப்பீட்டாளர் மட்டும் இவர்கள் இருவருக்கும் கடமைப்படாத வேறு ஆளாக இருக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, புதுக் கட்டடமும் தேவையில்லை. கிண்ணியாவுக்குப் போகப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலமும் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்துவிட்டது.