பள்ளு இலக்கியத்தில் உழைக்கும் உடல்

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் உழைப்பாளரைத் தலைமைப் பாத்திரமாக்கியது பள்ளு. அரசரையும் தெய்வங்களையும் பாடிவந்த பிரபந்த மரபிலே பள்ளனும் அவன் மனைவியர் இருவரும் வாய்திறந்து பேசியமை பெருமாற்றமே. இது பற்றியே பள்ளினை உழவர் இலக்கியம் எனப் பலர் போற்றுவர். அப்போற்றுதல் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

முக்கூடற் பள்ளு, 18ஆம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளு முதலியன வயற்புலத்தைப் பாடுபொருளாக்கியவை. நெல்வகை, மாட்டுவகை, உழவுக் கருவிகள் எனப் பள்ளு மரபு நிரற்படுத்தும் பெயர்கள் ஒரு களஞ்சியமாகும். எனினும், அக்கருவிகளைப் பிடித்த உடல் அங்கு எவ்வாறு தோன்றுகின்றது?

மண்வெட்டியால் வரப்புக் கட்டுபவன் ஒவ்வொரு வெட்டுக்கும் இடுப்பை வளைத்து, ஈரமண்ணின் பாரத்தைத் தோள்வலியால் இழுத்தாக வேண்டும். நாற்று நடுபவள் ஒரு கையில் முடியைப் பிடித்து, மறுகையாற் சேற்றிற் பதித்துக் குனிந்தவாறே பின்னோக்கி நகர்வாள். அரிவு வெட்டுவோரும் தாளின் அடியை எட்டக் குனிந்தே நிற்பர். இக்குனிவே கைக்கருவி வேளாண்மையின் இயல்பு. பள்ளிலோ நடுகை பெரும்பாலும் சிருங்காரக் காட்சியாகின்றது. பள்ளனின் உடல் வருந்தும் இடங்கள் குறிப்பாக இரண்டு: மாடு முட்டி அவன் வீழ்வதும், பண்ணைக்காரன் அவனைத் தொழுமரத்திற் பூட்டுவதும். முன்னது விபத்து, பின்னது தண்டனை. அன்றாட வேலை தரும் நோவு பேசப்படுவதில்லை. விளைந்த நெல்லுக்குக் கணக்குண்டு. வளைந்த முதுகுக்குக் கணக்கில்லை.

இது புலவரின் அறியாமையன்று. அவர் நின்ற இடத்தின் விளைவு. கோயிலையும் நிலவுடைமையாளரையும் சார்ந்து பாடியவர் வரம்பில் நின்று வயலைக் கண்டார். வயலினுள் நின்றோர் பாடியவை நாட்டார் பாடல்களே. நடுகைப் பாடலின் தாளம் கையசைவைத் தழுவியது. மட்டக்களப்பிற் சூடுமிதிக்கும் களத்திலே எழுந்த பொலிப்பாடல், இரவெல்லாம் மாடுகளின் பின்னே நடந்தவரின் உறக்கத்தையும் களைப்பையும் விரட்ட உதவியது. அங்கே பாட்டு வேலையின் ஒரு பகுதி.

இன்று இயந்திரம் அறுவடை செய்கின்றது. குனிந்து அரிந்தோரின் தலைமுறை அருகி வருகின்றது. அவர்தம் பாடல்களைத் திரட்டாது பள்ளினை மட்டும் உழவின் சான்றாகக் கொள்வோமாயின், வரும் தலைமுறைக்கு எஞ்சுவது நோவறியாத ஓர் உழவே. பள்ளினை விலக்குதல் வேண்டா. அதன் மௌனத்தையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.