பாலை என்னும் சௌகரியம்

மழை பொய்த்தது, ஊர் காலியானது என்று எழுதிவிட்டால் நம் கவிதை முடிந்துவிடுகிறது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோ சொல்லிவைத்தது நமக்கு வசதியாகப் போயிற்று. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. ஆகவே போகிறவன் போகிறான். காரணம் வெயில். வெயிலிடம் யார் கணக்குக் கேட்பது? நானும் இப்படி எழுதியவன்தான்.

சிலமலையில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது இன்னும் மோசம். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. கேரள மலையில் பெய்யும் மழை 1895 முதல் பெரியாற்று அணை வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது; உழைப்பு மேலே ஏறிப்போகிறது. 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் கருகின. தோட்டக்காரரின் நஷ்டத்தைச் செடிக் கணக்கில் சொல்லிவிடலாம். ஜீப் வராத நாட்களின் கூலி எந்தக் கணக்கில் வரும்?

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை (2018) மறுபடி பார்த்தேன். மலையின் அழகைப் பலரும் மெச்சினார்கள். தேனி ஈஸ்வரின் காமிரா மெச்சத் தகுந்ததுதான். ஆனால் படத்தின் விஷயம் அழகல்ல, உடைமை. ரங்கசாமி ஏலக்காய் மூட்டை சுமக்கிறவன். துண்டு நிலம் அவன் ஆசை. கிடைக்கிறது, கடனில் கைநழுவுகிறது. கடைசியில் அந்த நிலத்திலேயே நிற்கும் காற்றாலைக்கு அவன் காவலாள்.

காற்றாலை புகை கக்குவதில்லை. பூமியின் சூட்டுக்கு மருந்து என்று உலகம் அதைச் சிபாரிசு செய்கிறது. அந்த மருந்தின் காலடியில்தான் நிலமிழந்தவன் உட்கார்ந்திருக்கிறான். நோய் மட்டுமல்ல, வைத்தியமும் அவன் நிலத்தின் வழியாகவே போகிறது. இந்தப் பிரக்ஞை நம் கவிதைகளில் இல்லை.

படத்திடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மலை அதில் மாறாத சாட்சியாக நிற்கிறது. படம் வந்த அதே ஆகஸ்டில் இடுக்கியின் சரிவுகள் மழையில் இடிந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். தலைமுறைகளாக உழைத்தும் அந்த லயம் அவர்களுக்குச் சொந்தமில்லை. மழை ஆள் பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் அந்தச் சரிவின் அடியில் யார் படுத்துறங்குவது என்பதை மழை தீர்மானிக்கவில்லை.

காவிரிப் படுகையை எழுதுகிற நண்பர்களுக்கும் இதையே சொல்வேன். 2012இல் மேட்டூர் ஜூன் 12க்குப் பதில் செப்டம்பர் 17இல் திறந்தது. குறுவைக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே பஸ்ஸில் திருப்பூருக்குப் போகவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒப்பாரி வைப்பது கருணையல்ல, சோம்பல்.

இதை எழுதுமுன் என் பழைய கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். வெடித்த நிலம் ஏழெட்டு இடத்தில் வருகிறது. ஒன்றிலும் அது யாருடைய நிலம் என்று இல்லை.