காலியாக விட்ட இரண்டு எண்கள்

திருவாரூர்த் தியாகராசர் கோயில் கல்வெட்டு ஒன்றை ஆய்வாளர்கள் குறிக்கும் முறை இது: 164/1894. ஏழு இலக்கம், நடுவே ஒரு சாய்கோடு. 1894இல் கல்வெட்டுத் துறையார் படியெடுத்தவற்றுள் 164ஆவது என்று அர்த்தம். கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்க மகனைத் தேர்க்காலில் இட்ட மனுச்சோழன் கதையைச் சொல்லும் கல்வெட்டு அது. விக்கிரம சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. முழுப் பாடமும் வேண்டுமென்றால் தெ.இ.க. 5:456 என்று தேடிப் போகவேண்டும். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' ஐந்தாம் தொகுதி, 456ஆம் எண். கோயில் சுவரிலிருந்து மைப்படிக்கு, மைப்படியிலிருந்து அச்சுக்கு என்று அந்தக் கதை வந்த வழி முழுவதும் இந்த இரண்டு குறிப்புகளில் இருக்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் வரிசைகட்டி நிற்பவை இந்த மாதிரி எண்கள்தாம். மேலே உள்ள வாக்கியத்தை நம்பாதவன் கீழே இறங்கி, நேரே சுவர்வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

திருவாரூரை அடுத்த நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்த பிறகு, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிற பிள்ளைகளை ஊரில் நிறையப் பார்க்க முடிகிறது. துணைநூற்பட்டியலைக் கடைசி இரவுக்குத் தள்ளிவைக்காதவர்கள் அவர்களில் குறைவு. எனக்கு அந்தப் பட்டியல்தான் முதலில் படிக்கத் தோன்றும். 'ப.' என்றால் ஒரு பக்கம், 'பக்.' என்றால் பல பக்கங்கள். ஒரு மெய்யெழுத்தைக் கூட்டிப் பன்மையைச் சொல்லிவிடுகிற சிக்கனத்தை என்னவென்று பாராட்டுவது! அடுத்த குறிப்பும் அதே நூல் என்றால் 'மேலது' போதும். நடுவில் வேறொரு நூல் புகுந்துவிட்டால் 'மேலது' செல்லாது, 'மு.கூ.நூல்' (முன் கூறிய நூல்) ஆகிவிடும். கட்டுரையை வெட்டி ஒட்டும்போது இடம் மாறிப்போன 'மேலது' யாரோ ஒருவருடைய கருத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.

பெயரைத் திருப்பிப் போடும் இடத்தில்தான் வேடிக்கை அதிகம். வெளிநாட்டு இதழ்கள் குடும்பப் பெயரை முன்னால் கேட்கும். நமக்கு அது ஏது? உ. வே. சாமிநாதையர் என்பதில் 'உ' உத்தமதானபுரம், 'வே' தந்தை வேங்கடசுப்பையர். பட்டியலில் அது 'சாமிநாதையர், உ. வே.' ஆகும்போது ஊரும் தகப்பனாரும் காற்புள்ளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். கெட்டுப்போனதாகச் சொல்லமாட்டேன், இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஆனால் மென்பொருள் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுத்து 'சாஸ்திரி, கே. ஏ. என்.' என்று போடுகிறதே, அதுதான் பொறுக்கவில்லை. நீலகண்டன் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட, நாட்டில் உள்ள சாஸ்திரிகள் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போடச் சொல்லும் விதியும் இந்த ரகம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள்குறி போதும், பார்க்கவும் அழகு.

மேற்கோள் விதிகளைச் சொல்லும் ஏபிஏ கையேடு 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் பதிப்பிடத்தை நீக்கிவிட்டது. உலகப் பதிப்பகங்களுக்கு நாலைந்து நகரங்களில் அலுவலகம் இருக்கும். அவர்களுக்கு அது சரி. 'சீவக சிந்தாமணி, சென்னை: திராவிட ரத்நாகர அச்சுக்கூடம், 1887' என்ற வரியில் 'சென்னை'யை எடுத்துவிட்டால் எனக்குக் கை நடுங்கும். பதிப்பாசிரியர் சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். அச்சு சென்னையில். விடுமுறை வந்தால் அங்கே ஓடி 'புரூஃப்' திருத்தினார். அந்த ஊர்ப்பெயருக்குள் அத்தனை பயணமும் இருக்கிறது.

ஆண்டும் சாதாரணமாக வந்துவிடாது. பழைய சிறு நூல்கள் சிலவற்றின் முகப்பில் தமிழ் வருடப் பெயர் மட்டுமே இருக்கும். சர்வசித்து என்றால் 1887ஆ, 1947ஆ? அறுபது ஆண்டுச் சுற்றாயிற்றே. வருடம் சித்திரையில் பிறப்பதால் 1888இன் முதல் மூன்று மாதங்களும் கணக்கில் வரும். தெரிந்தவர்கள் [1887?] என்று சதுர அடைப்புக்குள் போடுவார்கள். நூலில் இல்லாததை நான் சேர்த்தேன் என்கிறது அடைப்பு; எனக்கும் உறுதியில்லை என்கிறது வினாக்குறி. இவ்வளவு நாணயமான நிறுத்தக்குறியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நம் உரையாசிரியர்களுக்கு இந்த விதிகள் எதுவும் தேவைப்படவில்லை. நச்சினார்க்கினியர் சிந்தாமணி உரையில் மேற்கோளாக ஓரடியைத் தருவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். கேட்பவனுக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணம்தான். சில நூற்றாண்டுகள் போனதும் கேட்பவனுக்குத் தெரியாமல் போயிற்று. சாமிநாதையர் அந்த அடிகளுக்கு ஊர் தேடி அலைந்து, திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் பிரித்தபோது எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் எதிரே வந்தன. மேற்கோளின் முகவரியைத் தேடப் போய் ஓர் இலக்கியத்தையே கண்டெடுத்த கதை வேறெந்த மொழியில் உண்டோ, எனக்குத் தெரியாது. கண்டுபிடித்ததைக் குறித்தவர், கண்டுபிடிக்க முடியாததையும் மறைக்கவில்லை. அவர் பதிப்புகளில் 'விளங்கா மேற்கோளகராதி' என்று ஒரு பகுதி உண்டு. இன்ன அடி இன்ன நூலைச் சேர்ந்தது என்று தெரியவில்லை என அகர வரிசையில் ஒப்புக்கொள்ளும் பட்டியல் அது. இன்றைய ஆய்விதழ் எதிலாவது இப்படி ஒரு தலைப்பு உண்டா?

இவை எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்ப ரசிப்பது புறநானூற்று எண்களை. 'புறம். 74:3' என்றால் 74ஆம் பாட்டின் மூன்றாம் அடி. பக்க எண் பதிப்போடு போய்விடும், பாட்டெண் போகாது. 1894இல் அச்சேறிய அந்த நூலில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகளும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றை நெருக்கி வரிசைப்படுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அப்படிச் செய்யாமல், பந்தியில் வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைப்பதுபோல் அந்த இரண்டு எண்களையும் காலியாக விட்டார்கள். 269 இன்றும் 269தான். நற்றிணையில் 234 அப்படி, ஐங்குறுநூற்றில் 129, 130 அப்படி. பதிற்றுப்பத்தில் முதற் பத்தே இல்லை. ஆகவே நூல் 11ஆம் பாட்டில் தொடங்குகிறது. புதிதாகப் பார்க்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

1940இல் வையாபுரிப்பிள்ளை சைவ சித்தாந்த மகா சமாஜத்துக்காகச் சங்க நூல்கள் அனைத்தையும் ஒரே பதிப்பாக்கியபோது, தொகை வரிசையைக் கலைத்துப் புலவர் வாரியாக அடுக்கினார். கபிலர் பாட்டெல்லாம் ஓரிடம், பரணர் பாட்டெல்லாம் ஓரிடம். ஒவ்வொரு பாட்டும் தன் பழைய எண்ணைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்தது.